முதல் பள்ளத்துக்குத் தரை உண்டு

தாவி விளையாடும் ஆட்டங்களைச் செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் காட்சியில் வரும் பள்ளங்களில் யாரும் சாகக் கூடாது. பள்ளம் இருக்கும், பார்க்க ஆழமாகவும் இருக்கும், ஆனால் விழுந்தால் கீழே தரை இருக்கும், ஏறிவர ஒரு படியும் இருக்கும். வந்தவனை வாசலிலேயே கொன்றால் அவன் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவான் அல்லவா? இதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை, யாரும் எழுதியும் வைக்கவில்லை. திரையைப் பார்த்துக் கட்டைவிரலால் ஆடிய காலத்திலிருந்து எல்லாரும் கடைப்பிடித்து வந்தார்கள். அதனால் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

தொப்பி வந்த பிறகுதான் வினை பிடித்தது. அதைத் தலையில் மாட்டி, காதுக்குப் பின்னால் இரண்டு வில்லைகளை ஒட்டினால் ஆள் ஆட்டத்துக்குள்ளேயே போய்விடுவார். காற்று முகத்தில் அடிக்கும், கல் உள்ளங்காலில் குத்தும். போர் ஆட்டங்களும் கார் ஆட்டங்களும் சக்கைப்போடு போட்டன. தாவும் ஆட்டங்கள் மட்டும் படுத்துவிட்டன. காரணம் எளிமையானது: யாரும் தாவவில்லை. தரமணியில் உமையாள் வேலை பார்த்த நிறுவனம் 'மேகப்படி' என்ற ஆட்டத்தைப் பத்துப் பேருக்குப் போட்டுப் பார்த்தது. பனைமர உயரத்தில் ஒரு பாறை விளிம்பு வந்ததும் பத்துப் பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். அவர் ஒரு முள்செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

உமையாளுக்கு முப்பத்தொன்பது வயது, தேவகோட்டைக்காரி. பதினாறு வருடமாக முதல் காட்சிகளை மட்டுமே செய்கிறவள். மற்றவர்கள் மலையும் கடலும் கோட்டையுமாக உலகங்களைக் கட்டுவார்கள். அவற்றுக்கு வாசல் வைப்பது அவள் வேலை. ஒரு வார்த்தை எழுதாமல், ஒரு அம்புக்குறி போடாமல், புதிதாக வந்தவனுக்கு ஓடவும் தாவவும் கற்றுக்கொடுத்துவிடுவாள். அலுவலகத்தில் அவளுக்கு 'வாசல்காரி' என்றே பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மேகப்படிக்கு அவள் வைத்த வாசல் ஒரு ஆட்டுக்குட்டி. விடிகாலை வெளிச்சத்தில் பாறைமேல் ஒரு வெள்ளைக் குட்டி ஓடும். ஆடுகிறவர் பின்னாலேயே ஓடுவார். முழங்கால் ஆழத்தில் ஒரு பள்ளம் வரும். குட்டி தாவத் தெரியாமல் விழும், உடம்பை உதறிக்கொண்டு ஏறும். ஆடுகிறவரும் விழுவார், ஏறுவார். அடுத்த பள்ளம் ஆள் ஆழம். அதற்கடுத்தது பனைமர ஆழம். மூன்றுக்கும் தரை உண்டு. வைக்கோல் போரில் விழுந்த மாதிரி இருக்கும். மொத்தம் தொண்ணூறு நொடி. அதற்குப் பிறகு அதே இன்ஸ்பெக்டர் மேகத்துக்கு நடுவே கல்லுக்குக் கல் சீட்டியடித்துக்கொண்டு தாவினார்.

உயரத்திலிருந்து எட்டிப் பார்த்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும் அல்லவா, அந்தக் கரைசல் நின்றுவிட்டது. தொப்பியைக் கழற்றிய பிறகு அது திரும்ப வந்ததா என்று அந்த இன்ஸ்பெக்டரிடம் யாரும் கேட்கவில்லை. ஆட்டம் ஊர் உலகமெல்லாம் போனது. முழு ஆட்டத்துக்குத்தான் காசு. முதல் காட்சி எல்லாருக்கும் இலவசம். அதுவும் தொழில் வழக்கம்தான்.

ஒன்றரை வருடம் கழித்து அஞ்சலை வந்தாள். நான்கு நாள் கீழே வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள். "ஆட்டுக்குட்டி செஞ்ச மேடத்தைப் பாக்கணும்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லையாம். ஐந்தாம் நாள் உமையாளே இறங்கி வந்தாள். நாற்பது வயதுப் பெண். கண் இரண்டும் சிவந்து உள்ளே போயிருந்தன. பக்கத்தில் இருந்த ஆளின் மணிக்கட்டை, திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இவரு எங்க வீட்டுக்காரர், துரைக்கண்ணு. கட்டடத்துக்கு வெளிப்பக்கம் கயித்துல தொங்கி பெயின்ட் அடிக்கிறவரு. இருபத்திரண்டு வருசமா அடிச்சாரு, ஒரு கீறல் விழுந்ததில்ல."

"வணக்கம்மா," என்றார் துரைக்கண்ணு. ஒரு பக்கத் தோள் சரிந்திருந்தது. முகத்தில் சிரிப்பு.

"போன வருசம் புதுசா ஒரு மேஸ்திரி வந்தான். காலைல டீ குடுக்கும்போதே எல்லார் தலைலயும் ஒரு தொப்பிய மாட்டி விடுவான். ஒன்றரை நிமிசம். ஆட்டுக்குட்டி வரும், போவும். கழட்டிட்டு ஏறுங்கடான்னுவான். யாரும் தயங்கல, கீழ பாக்கல. ரெண்டு நாள் வேலை ஒரே நாள்ல முடிஞ்சிடுச்சாம். அப்புறம் கயிறு மாட்டுறதையும் வுட்டுட்டாங்க. ஏழு பேரு செட்டு மேடம். இப்ப நாலு பேருதான் இருக்காங்க."

உமையாளுக்கு இது முழுக்கப் புதுச் செய்தி இல்லை. ஆறு மாதம் முன்பு ஒரு கூட்டத்தில் யாரோ இதைச் சொன்னார்கள். இலவசமாகக் கொடுத்த காட்சியை யார் எங்கே போட்டுக்கொண்டால் நமக்கென்ன என்று மேலிடம் பேச்சை மாற்றியது. அவளும் வாயைத் திறக்கவில்லை.

"இவர் எப்படி விழுந்தாரு?"

"விழல மேடம், எறங்குனாரு. ரெண்டாவது மாடில நிக்கிறாரு. கீழேருந்து சிநேகிதர் ஒருத்தர் கூப்பிட்டிருக்காரு. இதோ வரேன்னு நேரா காலை வெச்சுட்டாரு."

"படி சுத்திக்கிட்டுப் போவணும்மா," என்று துரைக்கண்ணு வெட்கத்தோடு விளக்கினார். "இது கிட்டத்துல இருந்துச்சு."

கீழே மணல் கொட்டியிருந்ததால் தோள்பட்டையோடு போயிற்று. அவருக்குச் சாகும் எண்ணமெல்லாம் இல்லை என்று அஞ்சலை சொன்னாள். நன்றாகச் சாப்பிடுகிறார், பேப்பர் படிக்கிறார், விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் செத்துவிடுவோம் என்று சரியாகவே பதில் சொல்கிறார். "ஆனா காலுக்குத் தெரியல மேடம். எங்க வீடு எட்டாவது மாடி. கீழ் வீடு கேட்டு வாரியத்துல எழுதிக் குடுத்து ஏழு மாசமாச்சு. பால்கனிக்குக் கம்பி போட்டுட்டேன். மொட்டைமாடிக்குப் பூட்டு போட்டா, துணி காயப்போடணும்னு யாராச்சும் உடைச்சிடுறாங்க. நான் கண்ணசந்தா இவரு காத்து வாங்க எழுந்து போயிடுறாரு. ரெண்டு தடவை விளிம்புல புடிச்சேன். ராவும் பகலும் இவரைப் புடிச்சுக்கிட்டே இருக்கேன். நான் படுத்துத் தூங்கி நாலு மாசமாச்சு."

"நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"எடுத்தீங்கல்ல? திருப்பிக் குடுங்க. அவரு பயத்தை அவருகிட்டயே குடுத்துடுங்க."

முடியும், முடியாது என்று யோசிக்காமல் உமையாள் சரி என்று சொல்லிவிட்டாள். மேலே வந்து கலிமுல்லாவிடம் விஷயத்தைச் சொன்னாள். தொப்பிக்கும் உடம்புக்கும் நடுவே நடக்கும் பேச்சுவார்த்தையை எழுதுகிறவன் அவன்தான்.

"உமை, அது தலைக்குள்ள இருக்கிற பயம் இல்ல. தலைக்குள்ள இருந்தா பேசிச் சரி பண்ணிடலாம். காதுக்குள்ள உடம்பு சாயாமப் பாத்துக்கிற ஒரு நிதானம் இருக்குல்ல, அதுவும் வயிறும் சேர்ந்து பண்ற வேலை. ஆழமா இருக்குடா, நில்லுன்னு வயிறு சொல்லும். நாம மூணு பள்ளத்துல தள்ளி விட்டு, பாத்தியா, ஒண்ணும் ஆகலன்னு அதுக்குக் கத்துக்குடுத்துட்டோம். இப்ப அது வாயத் திறக்காது."

"கத்துக்குடுத்தத மாத்திக் கத்துக்குடுக்கலாம்ல? அதே பாறை, அதே குட்டி. ஆனா மூணாவது பள்ளத்துல தரை இருக்காது."

"முதல் காட்சில இதுவரைக்கும் நீ யாரையும் கொன்னதில்லயே."

"இப்போ கொல்றேன்," என்றாள் உமையாள்.

சொல்வது எளிது. மூன்றாவது பள்ளத்தின் தரையை எடுக்க அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது, கை ஓடவில்லை. குட்டி விழும், திரும்ப ஏறி வராது. ஆடுகிறவர் விழுவார், விழுந்துகொண்டே இருப்பார், பிறகு தொப்பி தரக்கூடிய அளவுக்கு வலி, பிறகு இருட்டு. அதைச் செய்து முடித்த அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மனிதரைக் காப்பாற்றத்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

முதல் நாள் துரைக்கண்ணு நாற்காலியில் கிடந்து அலறினார். தொப்பியைக் கழற்றி, கைத்தாங்கலாகப் பிடித்து ஒரு மேசைமேல் ஏற்றி நிறுத்தினார்கள். இரண்டரை அடி உயரம்தான். அவருடைய முழங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின. "எம்மா, வயித்துல என்னமோ பண்ணுது, எறக்கி வுடுங்க," என்று கெஞ்சினார். அஞ்சலை ஓவென்று அழுதாள். அழுதபடியே சிரித்தாள். பிறகு அதே அறையில் தரையில் முந்தானையை விரித்துப் படுத்து மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினாள். கலிமுல்லா யாரும் அந்தப் பக்கம் செருப்புச் சத்தத்தோடு நடக்கக் கூடாதென்று கதவுக்கு வெளியே காவல் நின்றான். உமையாளுக்குப் பல மாதங்களுக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

மறுநாள் காலை மேசைமேல் ஏற்றியபோது, நடைபாதையிலிருந்து தெருவுக்கு இறங்குவது போல அவர் பேசிக்கொண்டே காலை வெளியே வைத்தார். கலிமுல்லா பாய்ந்து பிடித்தான்.

இன்னொரு முறை போட்டார்கள். அந்தப் பயம் சாயங்காலம் வரை தாங்கியது. மூன்றாவது முறை ஒரு மணி நேரம். உமையாள் பள்ளத்தை ஆழமாக்கினாள், இருட்டை நீட்டினாள். ஏழாவது முறை துரைக்கண்ணு அலறவேயில்லை. தொப்பியைக் கழற்றியதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இன்னொரு வாட்டியாம்மா?" என்றார்.

"உள்ள என்ன நடந்துச்சுண்ணா? ஒண்ணொண்ணா சொல்லுங்க," என்றான் கலிமுல்லா.

"குட்டி விழுந்துச்சு. நானும் விழுந்தேன்."

"அப்புறம்?"

"செத்துட்டேன்."

"அப்புறம்?"

"நீங்க தொப்பியக் கழட்டுனீங்க. டீ குடுத்தீங்க, தம்பி."

கலிமுல்லா அவர் கையில் இருந்த டீயைப் பார்த்தான். பிறகு உமையாளை வெளியே அழைத்துப் போனான். "நாற்காலிதான் தரை, உமை. நீ எவ்வளவு ஆழமா வெட்டு, கடைசில இந்த நாற்காலி இருக்கே. முன்னாடி, விழுந்தா ஒண்ணும் ஆகாதுன்னு கத்துக்குடுத்தோம். இப்ப, செத்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு கத்துக்குடுத்திருக்கோம். வரும்போது இருந்ததவிட மோசமா ஆக்கிட்டோம்."

"கழட்டாமலே விட்டா?" என்று உமையாள் கேட்டாள். கேட்ட பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கே உறைத்தது. கழற்றாவிட்டால் அவர் அந்த இருட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அஞ்சலையிடம் யார் சொல்வது என்ற பேச்சே எழவில்லை. கான்டீனில் ஒரு மூலையில் உட்கார வைத்து உமையாள் சொன்னாள். இனிமேல் போட வேண்டாம், போடப் போட மோசமாகிறது, வேறு வழி யாருக்கும் தெரியவில்லை என்று மென்று விழுங்காமல் சொன்னாள். துரைக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்து வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அவருடைய இடது மணிக்கட்டு அஞ்சலையின் பிடியில் இருந்தது.

அவள் அழுவாள், திட்டுவாள் என்று உமையாள் எதிர்பார்த்தாள். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது. அஞ்சலை நிதானமாகக் கேட்டாள்: "நீங்க அதைப் போட்டுப் பாத்தீங்களா மேடம்? அந்த ஆட்டுக்குட்டிய?"

"செய்யும்போதே முந்நூறு தடவைக்கு மேல."

"அப்போ உங்களுக்கும் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"வேளச்சேரில ஆறாவது மாடில இருந்தோம். முழங்கால் வலின்னு வீட்டுக்காரர்கிட்ட பொய் சொல்லித் தரைத்தளத்துக்கு மாறிட்டேன். இங்க ஜன்னல் இல்லாத பக்கமா சீட்டு வாங்கிக்கிட்டேன். படில கால் வைக்கிறதேயில்ல, லிஃப்ட்தான்."

"எப்ப மாறுனீங்க?"

"ஆட்டத்தை வெளிய விடுறதுக்கு மூணு வாரம் முன்னாடி."

அஞ்சலை அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. கோபத்துக்கெல்லாம் தெம்பு வேண்டும். "தெரிஞ்சிருக்கு," என்றாள்.

"ஆமா. தெரியும்."

கான்டீனில் யாரோ சிரித்தார்கள். துரைக்கண்ணு இன்னொரு வடை கிடைக்குமா என்று கேட்டார். அஞ்சலை தன்னுடையதை அவர் தட்டில் வைத்துவிட்டு, உமையாள் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் மேடம். அதைப் போட்டா, நமக்காகப் பயப்படுறது போயிடுது. சரி. அடுத்தவங்களுக்காகப் பயப்படுறோமே, அது? அதுவும் போயிடுமா?"

போன வருடம் உமையாளின் மகன் வள்ளியப்பன் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் உச்சிவரை ஏறிவிட்டான். ஒன்பது வயது. கீழே மற்ற அம்மாக்கள் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார்கள். உமையாள் கையைக் கட்டிக்கொண்டு, பையன் காலை நன்றாகத்தான் ஊன்றுகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இரவெல்லாம் தன்னை நினைத்து அழுதாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒன்றரை வருடமாகக் கணவனிடம், கம்பெனியில், தனக்குத்தானே என்று பொய்யாகவே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். இந்தப் பெண்ணுக்குக் கொடுக்க அவளிடம் இப்போது எதுவும் மிச்சமில்லை, உண்மையைத் தவிர.

"அதுவும் போயிடும்," என்றாள்.

"முழுசாவா?"

"முழுசா. பாசமெல்லாம் அப்படியே இருக்கும். வயித்துல மட்டும் ஒண்ணும் பண்ணாது."

அஞ்சலை மெதுவாகத் தலையாட்டினாள். மிச்ச டீயைக் குடித்தாள். "இதையாச்சும் மறைக்காம சொன்னீங்களே," என்று எழுந்து, கணவனின் கையைப் பிடித்து லிஃப்ட் பக்கம் நடந்தாள்.

உமையாள் தன் இடத்துக்குப் போனாள். துக்கம் ஒரு பக்கம் இருந்தாலும் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. கடைசியில் ஒருத்தியிடமாவது உள்ளதைச் சொல்லிவிட்டோம் என்று. கணினியைத் திறந்து, கடிதங்கள் இரண்டைப் படித்தாள். மூன்றாவதைப் பாதி படிக்கும்போதுதான் அஞ்சலை ஏன் அதைக் கேட்டாள் என்று பிடிபட்டது.

கலிமுல்லாவிடம் ஓடிப்போய்ச் சொல்லவில்லை, நடந்துபோய்த்தான் சொன்னாள். அவன் முகம் வெளுத்துவிட்டது. படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினான். உமையாள் லிஃப்டுக்கு நின்றாள்.

வரவேற்பறையின் மறுகோடியில், போகிற வருகிறவர்கள் மேகப்படியின் முதல் காட்சியை இலவசமாகப் பார்க்க ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நான்கைந்து பேர் வரிசையில் நின்றார்கள். நாற்காலியில் அஞ்சலை தொப்பியோடு சாய்ந்திருந்தாள். வரவேற்பறைப் பெண், களைத்துப்போய் வந்தவளாயிற்றே என்று, காலுக்கு ஒரு முக்காலியும் போட்டுக் கொடுத்திருந்தாள். துரைக்கண்ணு பக்கத்தில் சமர்த்தாக நின்றார். கலிமுல்லா நிறுத்து நிறுத்து என்று கத்திக்கொண்டு தொப்பியில் கை வைத்தபோது, சுவரில் ஓடிய நொடிக் கணக்கு எண்பத்தெட்டைத் தாண்டிவிட்டது.

அஞ்சலை கண்ணைத் திறந்தாள். முகம் கழுவி விட்டாற்போல இருந்தது. பத்து வயது குறைந்த மாதிரிகூட இருந்தது.

"நல்லா செஞ்சிருக்கீங்க மேடம்," என்றாள் உமையாளைப் பார்த்து. "அந்தக் குட்டி உடம்ப உதறிக்கிட்டு ஏறுது பாருங்க, எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

"அஞ்சலை, எட்டாவது மாடி... நீங்க ரெண்டு பேரும் இப்ப அங்க போகக் கூடாது," என்றாள் உமையாள்.

"ஏன் மேடம், எங்க வீடுதானே?" அவள் எழுந்து சேலையை உதறி இழுத்துவிட்டுக்கொண்டாள். "இன்னைக்கு நான் நல்லாத் தூங்குவேன்."

அவள் முன்னால் போனாள். துரைக்கண்ணு நாலு தப்படி பின்னால், சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டே போனார். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளவில்லை. கலிமுல்லா குறுக்கே போய் நின்று ஏதேதோ சொன்னான். "வழி வுடுங்க தம்பி, பஸ்ஸு போயிடும்," என்று அவள் சிரித்துக்கொண்டே அவனைச் சுற்றிப் போனாள். "உமை, புடி அவங்கள! வா!" என்று அவன் கத்திவிட்டு வெளியே அவர்கள் பின்னால் ஓடினான்.

உமையாள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். துக்கம் இருந்தது, வெட்கம் இருந்தது, இன்னும் இரண்டு நாளில் என்ன செய்தி வரும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பயம் வரவில்லை. வந்திருந்தால் கால் தானாக ஓடியிருக்கும்.

"மேடம், நீங்க லைன்லயா நிக்கிறீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"இல்ல," என்று சொல்லி உமையாள் விலகி வழி விட்டாள்.